மூன்றாம் வகுப்பும் மேற்படிப்பின் வாசலும்: சென்னைப் பல்கலைக்கழகத்தை முன்வைத்து ஒரு வரலாறு

பட்டப்படிப்பில் குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கு மேற்படிப்பில் இடம் கிடைக்குமா என்பது, தேர்வு முடிவுகள் வெளியாகும் கோடைகாலந்தோறும் கல்லூரி அலுவலகங்களில் கேட்கப்படும் கேள்வி. ஆனால் 1857 செப்டம்பர் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழகம் சட்டப்படி உருவானபோது, அத்தகைய கேள்வி எழுவதற்கான இடமே அதன் அமைப்பில் இருக்கவில்லை. அதே ஆண்டில் நிறுவப்பட்ட கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களைப் போலவே சென்னையும் 1836இல் பட்டயம் பெற்ற லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, பாடம் நடத்தாமல் தேர்வு மட்டும் நடத்தும் நிறுவனமாகவே அமைக்கப்பட்டது. கல்வியை ஊர்ஊராக இருந்த கல்லூரிகள் கவனித்துக்கொள்ள, பல்கலைக்கழகத்தின் பணி வினாத்தாள் அமைப்பதும், விடைத்தாள் திருத்துவதும், தேறியவரின் பெயரை அரசிதழில் அச்சிட்டுப் பட்டம் வழங்குவதுமாகவே இருந்தது. எம்.ஏ. என்பதும் அன்று ஒரு வகுப்பறையைக் குறிக்கவில்லை, பி.ஏ. தேறியவர் வீட்டிலிருந்தோ, வேலைபார்த்துக்கொண்டோ படித்து எழுதும் மற்றொரு தேர்வையே குறித்தது. நிரப்ப வேண்டிய இருக்கைகள் இல்லாத இடத்தில் தெரிவு இல்லை. தெரிவு இல்லாத இடத்தில் முந்தைய மதிப்பெண்ணைத் துருவிப் பார்க்கும் தேவையும் இல்லை.

அப்படியிருக்கக் குறைந்த மதிப்பெண் என்பது மேற்படிப்பைத் தடுக்கும் சுவராக எப்போது, எவ்வாறு எழுந்தது என்பதை அறிய, முதலில் 'வகுப்பு' என்ற சொல் தேர்வுப் பட்டியலுக்குள் நுழைந்த கதையைப் பார்க்க வேண்டும். இங்கு வகுப்பு என்பது மாணவர் அமரும் அறையையன்று, தேறியவரை மதிப்பெண்ணுக்கேற்ப முதல், இரண்டு, மூன்று எனப் பிரித்து நிறுத்தும் தரவரிசையைக் குறிக்கும். இவ்வழக்கத்தின் புகழ்பெற்ற மூலம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதச் சிறப்புத் தேர்வாகிய 'டிரைபாஸ்'. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அங்கே தேறியவர்கள் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, முதல் வகுப்பினர் 'ராங்ளர்', அடுத்த இரு வகுப்பினர் 'சீனியர் ஆப்டிம்', 'ஜூனியர் ஆப்டிம்' என்று அழைக்கப்பட்டனர். ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் முதலாமவர் யார், கடைசியாக நின்றவர் யார் என்பதும் வரிசையாக அறிவிக்கப்பட்டது. மூன்றாம் வகுப்பில் கடைசி இடம் பெற்றவர் பட்டம் வாங்கும்போது, அவருடைய நண்பர்கள் ஆளுயரத்துக்குச் சற்றே குறைந்த மரக்கரண்டி ஒன்றை மாடத்திலிருந்து கயிறு கட்டி இறக்கிக் கேலி செய்வது நெடுங்காலம் நீடித்த வேடிக்கை. தரவரிசை அறிவிப்பு 1909உடன் கைவிடப்பட்டதால் மரக்கரண்டியும் அவ்வாண்டுடன் முடிவுற்றது.

இந்த வேடிக்கை ஓர் உண்மையை மறைத்துவிடக் கூடாது. மரக்கரண்டி வாங்கியவரும் சிறப்புப் பட்டம் பெற்றவரே. வகுப்பு எதுவும் இல்லாமல் சாதாரணப் பட்டம் மட்டும் பெற்ற பெருங்கூட்டம் ஒன்று அவருக்குக் கீழே இருந்தது. எனவே மூன்றாம் வகுப்பு என்பது பிறந்தபோது ஒரு மேன்மையின் கடைசிப் படியாக இருந்ததே தவிர, தோல்விக்கு மேலான முதற்படியாக இருக்கவில்லை. அதே சொல் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தபோது, சிறப்புப் பட்டம், சாதாரணப் பட்டம் என்ற வேறுபாடு உடன் வரவில்லை. தேறியவர் அனைவரும் ஒரே பட்டியலில் வகுக்கப்பட்டதால், கேம்பிரிட்ஜில் பெருமையின் விளிம்பாக இருந்த மூன்றாம் வகுப்பு இங்கே பெருங்கூட்டம் நிற்கும் இடமாயிற்று. பின்னாளில் இந்த நாட்டுப் பட்டதாரிகளில் பலர் சுமந்த மனக்குறைக்கு, இறக்குமதியில் நேர்ந்த இந்தச் சிறு விடுபாடும் ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முதல் பட்டதாரிகளே முழுமையாகத் தேறியவர்கள் அல்லர் என்பது இன்று பலரும் மறந்துவிட்ட செய்தி. 1858இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. தேர்வை எழுதிய சிலருள் ஒருவர்கூட எல்லாப் பாடங்களிலும் தேறவில்லை. ஐந்து பாடங்களில் நன்றாகச் செய்து ஆறாவதில் 7 மதிப்பெண்ணுக்கு மேற்படாத குறையுடன் நின்ற இருவருக்கு மட்டும், தனிச்சலுகையாக அக்குறை நீக்கப்பட்டுப் பட்டம் வழங்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் யதுநாத் போஸ். மற்றவர் பின்னாளில் வங்க நாவல் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்பட்ட பங்கிம் சந்திர சட்டர்ஜி. தமிழில் இன்று 'கருணை மதிப்பெண்' என்று வழங்கும் ஏற்பாட்டுக்கு இந்த நாட்டில் பட்டத்தின் வயதே வயது என்று சொல்லிவிடலாம்.

சென்னையில் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்களும் இருவரே. அவ்விருவரும் சென்னை மாகாணத்தவர் அல்லர், யாழ்ப்பாணத்தவர்: வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கி 1855 வரை நடத்திய செமினரியில் கல்வி பெற்ற சி. வை. தாமோதரம் பிள்ளையும், அவருக்கு ஆசிரியராக இருந்த கறல் விசுவநாத பிள்ளையும். தாமோதரம் பிள்ளை பின்னர் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்ததோடு, வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை ஆகியவற்றைப் பதிப்பித்துத் தமிழாராய்ச்சிக்கு அடித்தளமிட்டார். அந்த ஆராய்ச்சிக்கு அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அவரைப் பதிவு செய்துகொள்ளும் துறையும் அன்று எங்கும் இல்லை. அவருக்கு அடுத்த தலைமுறையில் சங்க நூல்களை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், ஆங்கிலத் தேர்வு எதனையும் எழுதாமலேயே 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கலாம். பழைய முறைக் கல்வி ஆசிரியரின் சொல்லை நம்பியது. புதிய முறை பட்டியலை நம்பியது. இரண்டும் சில காலம் ஒரே கல்லூரி வளாகத்தில் அடுத்தடுத்த அறைகளில் வாழ்ந்தன.

பட்டியலின் செல்வாக்கு உயர்ந்ததற்குக் காரணம் கல்வியன்று, உத்தியோகம். ஆங்கிலக் கல்வி பெற்றவர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை தருவதென்று தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச் 1844இல் முடிவெடுத்த பிறகு, தேர்வு முடிவு என்பது அறிவின் அளவாக இருப்பதைக் காட்டிலும் சம்பளத்தின் அளவாகவே பார்க்கப்பட்டது. மெட்ரிகுலேஷன் தேறினால் ஒரு வேலை, எஃப்.ஏ. தேறினால் ஒரு வேலை, பி.ஏ. தேறினால் ஒரு வேலை என்று ஏணி அமைந்துவிட்ட நிலையில், ஏணியின் நடுவில் கால் வழுக்கியவர்கூட எந்தப் படி வரை ஏறினார் என்பதைச் சொல்லிக்கொள்ளப் 'பி.ஏ. ஃபெயில்' என்று பெயருக்குப் பின்னால் எழுதிக்கொண்ட காலம் அது. பின்னாளில் அது நகைச்சுவைத் துணுக்காகிவிட்டாலும், அன்றைய நிலையில் அது நியாயமான தகுதிச் சான்றே. பி.ஏ. வரை படித்தவர் என்பது எழுத்தர் வேலை கொடுப்பவருக்குத் தெரிய வேண்டிய செய்தி. தோல்வி என்பது அதன் பின்னிணைப்பு மட்டுமே. மூன்றாம் வகுப்பு என்ற சொல்லுக்கு வேறொரு துணையும் வந்து சேர்ந்தது. ரயிலில் கூட்டமும் அழுக்கும் நிறைந்த பெட்டிக்கு அதே பெயர் இருந்ததால், 'தேர்டு கிளாஸ்' என்பது தமிழ்ப் பேச்சில் வசைச்சொல்லாகவே மாறிற்று. ரயில்வே அந்த வகுப்பை 1970களில் நீக்கிவிட்டது; பேச்சு வழக்கு இன்னும் நீக்கவில்லை.

இந்தப் பின்புலத்தில்தான் கணிதவியலாளர் சீனிவாச ராமானுஜன் பெயரில் சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் கையாண்ட கோப்பைப் பார்க்க வேண்டும். அவருடைய வாழ்க்கை வழக்கமாக மேதையின் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் மேற்படிப்புச் சேர்க்கையின் வரலாற்றில் அது ஒரு விதிவிலக்கின் கதை, அதுவும் எழுத்தில் பதிவாகி, வாதிட்டு, தீர்மானமாக நிறைவேற்றப்பட்ட விதிவிலக்கின் கதை. எஃப்.ஏ. என்பது கல்லூரியில் ஈராண்டு படித்த பின் எழுதும் கலைத்துறை முதல் தேர்வு; அதில் தேறியவரே பி.ஏ. வகுப்புக்குப் போக முடியும். அதன் பாடங்களில் ஆங்கிலம், கணிதம், சமஸ்கிருதம், கிரேக்க ரோமானிய வரலாறு, உடலியங்கியல் ஆகியவை இருந்தன. ஒவ்வொன்றிலும் தனித்தனியே தேற வேண்டும் என்பது விதி. 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணிதத்தில் மூழ்கி ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து அவ்வாண்டு இறுதியில் எழுதிய தேர்வில் தோற்றார். 1907இல் தனித்தேர்வராக எழுதி மீண்டும் தோற்றார். இன்றைய கணக்கில் அவர் குறைந்த மதிப்பெண் பெற்ற பட்டதாரிகூட அல்லர், பட்டப்படிப்பின் வாசலையே எட்டாதவர்.

ஆறாண்டுகளுக்குப் பின் அதே பல்கலைக்கழகம், முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியதென்று விதித்திருந்த ஆராய்ச்சி உதவித்தொகையை அவருக்கு வழங்கியது. இடையில் நடந்தவை மூன்று. 1912 மார்ச் முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி அக்கடிதத்தைப் பொருட்படுத்தினார். அடுத்து, வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பிப்ரவரி இறுதியில் சென்னைக்கு வந்தபோது ராமானுஜனின் தாள்கள் அவரிடம் காட்டப்பட்டன. வாக்கர் மறுநாளே பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்குக் கடிதம் எழுதி, இவர் சில ஆண்டுகள் பிழைப்புக் கவலையின்றிக் கணிதத்தில் ஈடுபட வழிசெய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தார். மூன்றாவதாக, மார்ச் மாதம் கூடிய கணிதப் பாடக்குழு, அதாவது அத்துறையின் பாடத்திட்டத்தையும் தேர்வையும் வகுக்கும் வல்லுநர் குழு, மாதம் 75 ரூபாய் வீதம் ஈராண்டுக்கு உதவித்தொகை தரலாமென்று பரிந்துரைத்தது.

பரிந்துரை ஏப்ரலில் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவாகிய சிண்டிகேட்டின் முன் வந்தபோது எழுந்த ஆட்சேபணை மிக எளிமையானது, மறுக்க முடியாததும்கூட: விதி முதுகலைப் பட்டம் கேட்கிறது, விண்ணப்பதாரர் எஃப்.ஏ.கூடத் தேறவில்லை. இதற்கு உயர்நீதிமன்ற நீதிபதி பி. ஆர். சுந்தரம் ஐயர் கூறிய பதில்தான் இந்த வரலாற்றில் மிக முக்கியமான சட்ட வாதம். பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்த சட்டமே ஆராய்ச்சியை வளர்ப்பதைப் பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. ஆராய்ச்சி செய்யக்கூடியவர் என்று ஐயமற நிறுவப்பட்ட ஒருவரை அந்த நோக்கத்தின் பெயரில் ஏற்கலாம் என்பது அவர் நிலைப்பாடு. ஆனால் 1857ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகப்புரை, தேர்வின் வழியே தேர்ச்சியைக் கண்டறிந்து பட்டம் தருவதையே பேசியது. பேராசிரியர்களை நியமிக்கவும் ஆராய்ச்சிக்கு இடந்தரவும் வெளிப்படையாக அதிகாரம் கொடுத்தது கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம். கல்வியாளர்களும் தேசியவாதிகளும் அரசுக் கட்டுப்பாட்டை இறுக்கும் சட்டமென்று கடுமையாக எதிர்த்த அதே சட்டம், எஃப்.ஏ. தோற்ற ஒருவரின் ஆராய்ச்சிக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்துத் துணைநின்றது என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. 1913 மே முதல் உதவித்தொகை நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இதில் கவனிக்கத்தக்க மற்றொரு செய்தி, பரிந்துரைத்தவர்களின் தகுதி. வாக்கர் 1889ஆம் ஆண்டு டிரைபாஸ் தேர்வில் முதலிடம் பெற்ற 'சீனியர் ராங்ளர்'. ஹார்டி 1898இல் நான்காமிடம் பெற்றவர். ஆயினும் அந்தத் தேர்வு ஆங்கிலேயக் கணிதத்தைக் கெடுத்துவிட்டதென்று வாதாடித் தரவரிசையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுள் ஒருவர். 1914 தொடக்கத்தில் விரிவுரை ஆற்றச் சென்னைக்கு வந்து, ராமானுஜனை இங்கிலாந்து செல்ல இணங்கவைத்து, செலவுக்குப் பல்கலைக்கழகத்திடம் வாதாடிய ஈ. எச். நெவில், தரவரிசை அறிவிக்கப்பட்ட கடைசி ஆண்டான 1909இல் இரண்டாமிடம் பெற்றவர். பட்டியலின் உச்சியில் நின்றவர்களே பட்டியலுக்கு வெளியே நின்ற ஒருவருக்குச் சான்றளித்தார்கள். பட்டியலின் மதிப்பு எவ்வளவு என்பதை உள்ளிருந்து அறிந்தவர்கள் அவர்கள். அதைக் கடந்து பார்க்கும் துணிவும் ஒருவகையில் அந்த உச்சியிலிருந்தே அவர்களுக்குக் கிடைத்தது. பின்வரிசையிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் அதே பரிந்துரையை எழுதியிருந்தால் சிண்டிகேட் அதே கவனத்துடன் படித்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும் பயணச் செலவும் ஒதுக்க, 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பலேறினார். கேம்பிரிட்ஜ் 1895 முதல் பிற பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகளை ஆராய்ச்சி மாணவராகச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. அந்த ஏற்பாட்டில் முதலில் வந்தவர்களுள் ஒருவர் நியூசிலாந்தின் ரூதர்போர்டு. அதற்கும் முன்பட்டம் தேவை. ராமானுஜன் பொருட்டு அத்தேவை தளர்த்தப்பட்டது. 1916 மார்ச்சில், மிகுபகு எண்கள் பற்றிய கட்டுரையின் அடிப்படையில் அவருக்கு ஆராய்ச்சிவழிப் பட்டம் கிடைத்தது. முனைவர் பட்டம் அன்று கேம்பிரிட்ஜில் இல்லை. ஆராய்ச்சிக்குத் தரப்பட்ட பட்டத்தின் பெயரும் பி.ஏ. என்பதே.

விதிவிலக்கு விதியை மாற்றவில்லை. மாறாக, ராமானுஜன் இங்கிலாந்தில் இருந்த ஆண்டுகளிலேயே, சென்னையில் மேற்படிப்புக்குச் சுவர் எழுவதற்கான அடித்தளம் இடப்பட்டுக்கொண்டிருந்தது. 1914 முதல் பல்கலைக்கழகம் தானே பேராசிரியர்களை நியமிக்கத் தொடங்கியது. இந்திய வரலாற்றுக்கு எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும், பொருளியலுக்குச் சென்னை மாகாணக் கிராமங்களை ஆய்ந்து புகழ்பெற்ற கில்பர்ட் ஸ்லேட்டரும் வந்தார்கள். பேராசிரியர் வந்தால் அறை வேண்டும், அறைக்கு அளவுண்டு, அளவுக்குட்பட்ட இடத்துக்கு ஆளைத் தெரிவு செய்ய ஓர் அளவுகோல் வேண்டும். மேற்படிப்பு தேர்வாக இருந்தவரை எத்தனை பேர் வேண்டுமானாலும் எழுதலாம். அது படிப்பாக மாறிய கணத்தில் முந்தைய மதிப்பெண் நுழைவுச்சீட்டாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் வந்த பி.ஏ. ஆனர்ஸ் படிப்பு இந்தத் தெரிவை இன்னும் முன்னுக்குத் தள்ளியது. ஆனர்ஸ் முடித்தவர் உரிய காலத்துக்குப் பின் வேறு தேர்வின்றியே எம்.ஏ. பட்டம் பெறலாம் என்றிருந்ததால், எம்.ஏ. யாருக்கு என்பது பட்டப்படிப்புக்கு முந்தைய இன்டர்மீடியட் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு, பதினேழு பதினெட்டு வயதிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிட்டது.

விடுதலைக்குப் பின் எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் செய்ய இயலுமென்றால் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்க வேண்டும் என்று கருதியது. ஆனால் அது பரிந்துரைத்த அளவுகள் கடுமையானவை: முதல் வகுப்புக்கு 70 விழுக்காடு, இரண்டாம் வகுப்புக்கு 55, மூன்றாம் வகுப்புக்குக் குறைந்தது 40, கருணை மதிப்பெண் ஒழிய வேண்டும். தமிழ்நாட்டில் நிலைத்தது இதைவிட இளகிய 60, 50, 40 என்ற கணக்கு. கருணை மதிப்பெண்ணும் ஒழியவில்லை. அதைவிடவும் மேற்படிப்பைப் பொறுத்தவரை பெரிய விளைவை உண்டாக்கியது, பட்டப்படிப்புப் பாடங்களைப் பகுதிகளாகப் பிரித்த ஏற்பாடு. பகுதி ஒன்று தமிழ் அல்லது பிற மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் அதன் துணைப்பாடங்களும் என்று வகுத்து, முதுகலைச் சேர்க்கைக்குப் பெரும்பாலும் மூன்றாம் பகுதி மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித் தேறிய கிராமத்து மாணவர் இயற்பியலில் முதல் வகுப்புப் பெற்றிருந்தால் எம்.எஸ்சி.க்குத் தடையில்லை என்ற நிலை, எந்த ஆணையத்தின் பெயராலும் கொண்டாடப்படாத, ஆனால் ஆயிரக்கணக்கானோருக்கு உதவிய அமைதியான சீர்திருத்தம். உடலியங்கியலும் ஆங்கிலமும் கணிதத்தைக் கவிழ்த்த பழைய எஃப்.ஏ. முறையின் குறை இங்கே, தாமதமாகவேனும், திருத்தப்பட்டது.

மதிப்பெண் எதை அளக்கிறது என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் கல்வியாளரைக் காட்டிலும் அரசியலே உரக்கக் கேட்டது. 1920களில் நீதிக்கட்சி ஆட்சி பிறப்பித்த, சமூகப் பிரிவுகளுக்குப் பங்கு வகுத்த வகுப்புவாரி ஆணைகளும், கல்லூரிச் சேர்க்கைக்கு அமைத்த தெரிவுக் குழுக்களும், ஒரே மதிப்பெண்ணை வெவ்வேறு தொலைவிலிருந்து நடந்து வந்தவர்கள் பெறும்போது அதன் பொருள் ஒன்றாகாது என்ற கருத்தின் மீது எழுந்தவை. கல்வி நிறுவனச் சேர்க்கையில் அந்த ஆணை செல்லாதென்று செண்பகம் துரைராஜன் வழக்கில் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்ததும், அதன் விளைவாக 1951இலேயே அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்யும் பிரிவு சேர்க்கப்பட்டதும் பலரும் அறிந்தவை. மேற்படிப்பு விதிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கு 5 விழுக்காடு தளர்வு என்று இன்று ஒரே வரியில் முடியும் குறிப்பு, அந்த நெடிய வழக்காடலின் சுருக்கமே.

பகல்நேரக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களுக்குத் திறந்த பெரிய வாசல் அஞ்சல்வழிக் கல்வி. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் தொடங்கிய இம்முறையை, மதுரை 1971இலும் அண்ணாமலை 1979இலும் சென்னை 1981இலும் பின்பற்றின. 48 விழுக்காட்டுடன் பி.ஏ. முடித்து இடைநிலை ஆசிரியராகவோ அலுவலக உதவியாளராகவோ சேர்ந்தவர், தபாலில் வரும் பாடநூல்களையும் விடுமுறை நாள் தொடர்பு வகுப்புகளையும் கொண்டு எம்.ஏ. முடித்தார், ஆசிரியருக்கு உயர்பட்டத்துக்கென ஊக்க ஊதிய உயர்வும் இருந்ததால் தேவை குறையவே இல்லை. கூர்ந்து பார்த்தால் இது புதுமையன்று. வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து படித்து எழுதும் பத்தொன்பதாம் நூற்றாண்டு எம்.ஏ.வே வேறு உருவில் திரும்பியிருந்தது. ஆயின் வாசல் அகன்றபோது அதன் மதிப்பு பற்றிய ஐயமும் வளர்ந்தது. அடிப்படைப் பட்டமே இல்லாமல் திறந்தவெளி முறையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாதென்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவை நோக்கி விண்ணப்பங்கள் பறக்கத் தொடங்கிய காலத்தில், சென்னை மதிப்பெண் வேறொரு சிக்கலைச் சந்தித்தது. மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரி 1897இல் எழுத்துத் தரங்களை வகுத்தபோது, 95க்கு மேல் ஏ, 85க்கு மேல் பி என்று இறங்கி, 75க்குக் கீழே சென்றால் தோல்வி என்று வைத்தது. சென்னையில் முதல் வகுப்பு என்று மாலை போடப்படும் 60 விழுக்காடு அந்த அளவில் தோல்வியினும் தோல்வி. மதிப்பெண் என்பது எண்ணைப் போல உலகப் பொதுவானதன்று, வட்டார வழக்கைப் போன்றது என்பதைப் பல்கலைக்கழகங்கள் உணர்ந்து, 4 புள்ளிக்கு மாற்றித் தரும் மதிப்பீட்டு நிறுவனங்களை நாட வேண்டியதாயிற்று. அந்நாட்டுக்குள்ளேயே கல்லூரிக்குக் கல்லூரி மதிப்பெண் வேறுபட்டதால்தான் கார்னெகி அறநிறுவனம் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து 1930களின் நடுவில் ஜி.ஆர்.இ. என்னும் பொதுத் தேர்வைத் தோற்றுவித்தது. கல்லூரியில் சறுக்கியவர் தம் திறனை வேறோர் அளவுகோலால் காட்ட அது வழிவிட்டது; காலப்போக்கில் அதுவே இன்னொரு சுவராகிவிட்டதென்று கருதி, கடந்த பத்தாண்டுகளில் அங்கே பல துறைகள் அதைக் கைவிட்டன. இந்தியாவில் பொறியியல் மேற்படிப்புக்கென 1983இல் தொடங்கிய கேட் தேர்வும் ஏறத்தாழ அதே பணியைச் செய்து, அதே புகாரையும் சம்பாதித்தது.

ஆராய்ச்சிப் படிப்பைப் பொறுத்தவரை இந்தியாவின் உறுதியான கோடு 55 விழுக்காடு. கல்லூரி ஆசிரியராவதற்கும் முதுகலையில் அந்த அளவும் தேசியத் தகுதித் தேர்வும் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 1991 செப்டம்பர் 19 அன்று வெளியிட்ட விதிமுறை கூறியது. அந்த நாளுக்கு முன் முதுகலை முடித்து முனைவர் பட்டமும் பெற்றவர்க்கு மட்டும் 5 விழுக்காடு தளர்வு தரப்பட்டதால், 53 விழுக்காடு பெற்ற இருவருள் ஒருவர் பேராசிரியராகவும் மற்றவர் தகுதியற்றவராகவும் ஆவதற்குச் சான்றிதழிலுள்ள தேதியே காரணமாயிற்று. வேலைக்கு ஆளெடுக்கும் நிறுவனங்கள் தம் பங்குக்குப் பத்தாம் வகுப்பு முதல் எங்கும் 60 விழுக்காடு, 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' இருக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தன. தேறாமல் நிலுவையில் நிற்கும் தாளைக் குறிக்கும் அரியர் என்ற சொல், கணக்கேட்டிலிருந்து தமிழக மாணவர் பேச்சுக்கு வந்து நிலைத்தது. நோய்த்தொற்றுக் காலமான 2020 ஆகஸ்டில், கட்டணம் செலுத்தியவர்களின் அரியர் தேர்வுகள் ரத்து என்று தமிழக அரசு அறிவித்தபோது மாணவர்கள் முதலமைச்சரைப் புகழ்ந்து ஊரெங்கும் பதாகை வைத்ததும், சென்னை உயர்நீதிமன்றம் அடுத்த ஆண்டு அதை ஏற்க மறுத்துத் தேர்வு நடத்தச் சொன்னதும், 1858இல் இருவருக்கு மட்டும் காட்டப்பட்ட கருணை எத்தனை பெரிய கோரிக்கையாக வளர்ந்திருந்தது என்பதைக் காட்டின.

மானியக் குழு 2022இல் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள் எம்.ஃபில். படிப்பை நிறுத்தின, நான்காண்டு இளங்கலை முடித்தவர் 75 விழுக்காடு பெற்றிருந்தால் முதுகலை இன்றியே ஆராய்ச்சிக்குப் போகலாம் என்றன. அந்த அளவை எட்டாதவர் ஓராண்டு முதுகலை படித்து 55 விழுக்காடு பெற்று வர வேண்டும். நுழைவுத் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற விகிதத்தில் தெரிவு செய்ய வேண்டும் என்பது அதன் மற்றொரு கூறு. கோட்டைக் கடந்து உள்ளே வந்தவரின் பழைய மதிப்பெண்ணுக்கு அந்த நூற்றில் பங்கு எதுவும் இல்லை. சிண்டிகேட்டில் ஒரு நீதிபதி எழுந்து சட்டத்தின் நோக்கத்தைச் சுட்டிக்காட்டினால், கோட்டுக்கு வெளியே நிற்பவரை அழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் பிரிவு மட்டும் அந்த விதிமுறைகளில் இல்லை.